மறதி நோய்ப் பரிசோதனையில் சிறுநீரகம் எங்கே குறுக்கிடுகிறது?

அல்சைமரைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முறையாக அனுமதி கொடுத்தது. ஃபூஜிரெபியோ நிறுவனத்தின் தயாரிப்பு அது. மறதி போன்ற அறிகுறிகளோடு வரும் 55 வயதைத் தாண்டியவர்களின் ரத்தத்தில், பி-டாவ் 217 (பாஸ்பேட் ஏறிய டாவ்) என்ற புரதத்துக்கும் அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறது. அதுவரை மூளையில் அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வழக்கமாக விலை கூடிய பெட் ஸ்கேன் (கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் படம்) எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுக்க வேண்டும். கையில் ஒரு ஊசியோடு வேலை முடிகிறது என்றால் பெரிய விஷயம்தான்.

ஆனால் இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2022இல், மின்னசோட்டாவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இந்தப் பி-டாவ் புரதத்தைப் பற்றி ஒரு சங்கடமான தகவலை வெளியிட்டிருந்தார்கள். ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் வாழும் பொதுமக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு அது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் பி-டாவ் அளவு கூடுதலாக இருந்தது. எவ்வளவு கூடுதல்? மூளையில் அமிலாய்டு படிந்தவர்களுக்கும் படியாதவர்களுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே. கிட்னி பழுதான ஒருவர், மூளை சுத்தமாக இருந்தாலும், ரிப்போர்ட்டில் அல்சைமர் நோயாளி போலத் தெரியலாம் என்பதுதான் இதன் பொருள்.

கிட்னி கெட்டால் அல்சைமர் வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி; அதற்கும் வருகிறேன். ஆனால் அதற்கு முன், கிட்னி கெட்டவரின் மூளையைப் பற்றி நாம் பார்க்கும் எந்தப் படத்தை, எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய வேண்டும். இதைச் சரியாகப் பிரிக்காததால்தான் இந்தத் துறையில் ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் வருகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் படங்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாதிஸ் இருவரும், இறந்தவர்களின் மூளைத் திசுவில் அமிலாய்டைச் சாயமேற்றிப் பார்க்கப் பயன்பட்ட தயோஃப்ளேவின் என்ற சாயத்தை மாற்றியமைத்து, உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் போய் அமிலாய்டில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை உருவாக்கினார்கள். 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக அதைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். 2004இல் அந்த ஆய்வு வெளியானது. அதில் இருந்த கதிரியக்கக் கார்பன்-11இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 20 நிமிடம்தான். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இல்லாத ஊரில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிறகு சுமார் 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃப்ளூரின்-18 சேர்த்த பொருள்கள் வந்தன. 2012இல் ஃப்ளோர்பீட்டாபிர் அனுமதி பெற்றது. டாவ் புரதத்தைக் காட்டும் ஃப்ளோர்டாசிபிர் 2020இல் வந்தது.

இந்த ஸ்கேனை எப்படி அளக்கிறார்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூளையின் மேற்புறணியில் எவ்வளவு கதிரியக்கம் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. அமிலாய்டு அதிகம் சேராத சிறுமூளையில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்கிறார்கள். உடல் மெதுவாக வெளியேற்றுவதால் செலுத்திய பொருள் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கினாலும் மேலே, கீழே இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறுவதால் பெருமளவு அடிபட்டுப் போகும். கிட்னி செய்யும் குழப்பத்துக்கு எதிராக இது ஒரு இயல்பான காப்பு. ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது இந்த வகுத்தல் கணக்கு மறுபடியும் உதவும்.

எம்ஆர்ஐ வேறு கதை. அதில் அமிலாய்டு தெரியாது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியும். ஷெல்ட்டன்ஸ் என்ற ஆய்வாளர் 1992இல் முன்வைத்த 0 முதல் 4 வரையான மதிப்பெண்ணைத்தான் ரேடியாலஜிஸ்டுகள் இன்றும் போடுகிறார்கள். அதே படத்தில் வெண்பொருளில் (நரம்பிழைகள் ஓடும் மூளையின் உட்பகுதியில்) வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளும் தெரியலாம். அவை நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதானதன் தடம். 1987இல் வந்த ஃபாஸெகாஸ் அளவுகோலில் அவற்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். தனி வகை எம்ஆர்ஐ பதிவில் கடுகளவு ரத்தக்கசிவுகளும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

சரி, கிட்னி நோயாளிகளின் எம்ஆர்ஐயில் இவற்றில் எது தெரிகிறது? நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வு இதற்கு 2008இல் தெளிவான ஒரு பதிலைக் கொடுத்தது. 60 முதல் 90 வயது வரையான, ஊரில் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்த 484 பேரின் மூளைப் படங்களைச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனோடு ஒப்பிட்டார்கள். வடிகட்டும் திறன் குறைந்தவர்களுக்கு ஆழமான வெண்பொருளின் கன அளவு குறைந்திருந்தது, வெள்ளைத் திட்டுகள் கூடியிருந்தன. நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பொருளின் கன அளவோடு தொடர்பு தென்படவில்லை. அல்சைமர் முதலில் தாக்குவது சாம்பல் பொருளையும் ஹிப்போகாம்பஸையும்தான். ஆக, கிட்னியோடு சேர்ந்து பழுதாவது பெரும்பாலும் மூளையின் நுண்குழாய்கள்.

இது ஏன் என்பதற்கு உடற்கூறு விளக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. இதயம் தள்ளும் ரத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் அங்கே போகிறது. எடையில் 2 சதவீதம் உள்ள மூளைக்கு ஏறக்குறைய 15 சதவீதம். இரண்டுமே நிறைய ரத்தத்தை, குறைந்த தடையோடு, இடைவிடாமல் கேட்கும் உறுப்புகள். இரண்டிலும் சில இடங்களில் பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரியும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. கிளை கிளையாகப் பிரிந்து படிப்படியாக அழுத்தம் குறைந்து வரும் ரத்தம் அல்ல அங்கே போவது. ஆற்று மதகை ஒட்டியே வெட்டிய சின்ன மடைபோல, பெரிய நீரோட்டத்தின் முழு வேகத்தையும் அவை வாங்குகின்றன. ஜப்பானின் சதயோஷி இட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் இதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறினால் முதலில் அடிவாங்குவது சிறுநீரகத்தின் உட்பகுதிக்கு அருகில் உள்ள குளோமெருலஸ்களுக்கு (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளுக்கு) போகும் குழாய்களும், மூளையின் அடிப்பகுதியில் துளைத்துச் செல்லும் குழாய்களும்தான் என்று அவர்கள் சொன்னார்கள்.

சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போவதை நான் இந்தக் கோணத்தில்தான் பார்ப்பேன். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும் முன்பே, வடிகட்டும் திறன் விழும் முன்பே, அல்புமின் கசிய ஆரம்பித்துவிடலாம். சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் போவது மூன்று மாதம் நீடித்தால், அதுவே நாள்பட்ட சிறுநீரக நோய். கிட்னியின் குழாய்ச்சுவர் ஓட்டையாகிறது என்றால், அதே வயது, அதே சர்க்கரை, அதே ரத்த அழுத்தத்தோடு வாழும் மூளைக் குழாய்கள் மட்டும் பத்திரமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சர்க்கரை நோய்க்காக ஆண்டுதோறும் செய்யும் அந்தச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை, மூளையைப் பற்றியும் மறைமுகமாக ஏதோ சொல்கிறது.

நடைமுறையில் இது எப்படித் தெரியும்? கிட்னி நோயாளிகளிடம் மறதியைவிட மந்தம்தான் முன்னே வரும். கணக்குப் போடத் தாமதம், இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யத் திணறல், திட்டமிட முடியாமை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது நினைவிருக்கும்; மாத்திரை டப்பாவை ஒழுங்காக நிரப்ப வராது. வீட்டில் இதை வயசாகிவிட்டது என்றோ, டயாலிசிஸ் களைப்பு என்றோ விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனைகளும் அதிகம் கவனிப்பதில்லை. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ளும் 55 வயதைத் தாண்டிய 338 பேரை முறையாகப் பரிசோதித்தபோது, அறிவுத்திறன் இயல்பாக இருந்தவர்கள் சுமார் 13 சதவீதம்தான். 37 சதவீதத்தினருக்குக் கடுமையான குறைபாடு. ஆனால் மருத்துவக் குறிப்பில் அது பதிவாகியிருந்ததோ 3 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு.

டயாலிசிஸே மூளைக்குச் சிரமம் கொடுக்கிறது என்பதையும் ஸ்கேன்தான் காட்டியது. நெதர்லாந்தின் குரோனிங்கனில், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள் (2018). நான்கு மணி நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. வாரத்துக்கு மூன்று முறை, வருடக்கணக்கில் இது நடந்தால் ஏற்கெனவே நலிந்த நுண்குழாய்கள் என்னவாகும்? இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மெக்கின்டயர் குழுவினர் டயாலிசிஸ் திரவத்தை உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குளிர்ச்சியாக வைத்து ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குளிர்ந்த திரவம் பெற்றவர்களின் வெண்பொருள் மாற்றங்களிலிருந்து காக்கப்பட்டது (2015). புது மருந்து எதுவும் இல்லை. மெஷினில் ஒரு எண்ணை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

டயாலிசிஸ், மூளை என்று பேச ஆரம்பித்தால் அலுமினியத்தைத் தொடாமல் போக முடியாது. 1970களில் அமெரிக்காவின் டென்வரில் ஆலன் ஆல்ஃப்ரி, டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஒரு புதிய நோயை விவரித்தார். பேச்சுத் தடுமாறும், வலிப்பு வரும், அறிவு மங்கும், பிறகு மரணம். டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரிலும் பாஸ்பேட்டைக் குறைக்கக் கொடுத்த மருந்திலும் இருந்த அலுமினியம் மூளையில் சேர்ந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. தண்ணீரைச் சுத்திகரித்ததும் அந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. அது அல்சைமர் அல்ல. ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் ஞாபகசக்தி போய்விடும் என்று இன்றைக்கும் சுற்றும் பயத்துக்குத் தீனி போட்டதில் இந்த நிகழ்வுக்குப் பங்கு உண்டு. ரத்தத்துக்குள் நேராகப் போன அலுமினியத்தையும் இட்லிப் பானையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த முடியாது.

இப்போது அந்த முதல் கேள்வி. அமிலாய்டு விஷயத்திலேயே கிட்னிக்கு நேரடிப் பங்கு உண்டா? உண்டு என்று சொல்ல ஒரு நல்ல வாதம் இருக்கிறது. மூளையில் உருவாகும் அமிலாய்டு பீட்டாவில் ஒரு பகுதி ரத்தத்துக்கு வந்து, கல்லீரல், கிட்னி வழியாக வெளியேறுகிறது. சீன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைவிட வெளியே வரும் ரத்தத்தில் அமிலாய்டு பீட்டா குறைவாக இருந்தது. அமிலாய்டு சேரும்படி மரபணு மாற்றிய எலிகளில் ஒரு கிட்னியை எடுத்துவிட்டால் மூளையில் படிவு மோசமானது. ஜப்பானில் ஃபுஜிதா பல்கலைக்கழகத்தின் நோபுயா கிடகுச்சி குழுவினர், டயாலிசிஸ் ஃபில்டர்கள் ரத்தத்திலிருந்து இந்தப் புரதத்தை உறிஞ்சி எடுப்பதைப் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார்கள். இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு விசித்திரம் தோன்றும்: கிட்னி கெட்டால் அமிலாய்டு தேங்குகிறது, டயாலிசிஸ் செய்தால் அது வெளியேறுகிறது, அப்படியானால் டயாலிசிஸ் நோயாளிக்கு லாபமா நஷ்டமா? அமிலாய்டுக் கணக்கில் லாபமாகவே இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன ரத்த ஓட்டக் கணக்கில் நஷ்டம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

மனிதர்களிடம் எடுத்த பெரிய கணக்குகள் இந்த வாதத்தைப் பாதிதான் ஆதரிக்கின்றன. ஸ்டாக்ஹோமில் 65 வயதைத் தாண்டிய சுமார் 3.3 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 90ஐ ஒட்டி இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 30 முதல் 59 வரை இருந்தவர்களுக்கு டிமென்ஷியா (அறிவுத்திறன் படிப்படியாக மங்கும் நிலை; அல்சைமர் அதில் ஒரு வகை) விகிதம் 1.7 மடங்கு, 30க்குக் கீழே இருந்தவர்களுக்கு 2.6 மடங்கு. பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் அதே ஆய்வில், ரத்தக்குழாய் வகை டிமென்ஷியாவோடு இருந்த தொடர்பு அல்சைமரோடு இருந்ததைவிட வலுவாக இருந்தது. ஜெர்மனியின் சார்லாண்டில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், கிட்னி திறன் குறையும்போது நியூரோஃபிலமென்ட் (நரம்பு சேதமடைந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) போன்ற ரத்த மார்க்கர்கள் ஏறின. டிமென்ஷியா வாய்ப்பு அதற்கேற்பக் கூடவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: கிட்னி பழுது அல்சைமரைப் புதிதாக உருவாக்குவதாக இதுவரை நல்ல ஆதாரம் இல்லை. நுண்குழாய்களைக் கெடுத்து, மூளையின் தாங்கும் சக்தியைக் குறைத்து, ஏற்கெனவே இருக்கும் அல்சைமரைச் சில ஆண்டுகள் முன்பே வெளியே கொண்டுவர அது போதுமானது. ஒரே முதியவரின் மூளையில் இரண்டு நோயும் ஒன்றாக இருப்பது அபூர்வமே இல்லை.

ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பலாம். பி-டாவ், நியூரோஃபிலமென்ட் இரண்டும் கிட்னி நோயில் ஏறுவதற்கு எளிய காரணம், வெளியேறுவது குறைவதுதான் என்று கருதப்படுகிறது. தண்டுவட நீரில் அளந்தால் இந்தக் குழப்பம் மிகக் குறைவு, ஏனென்றால் அது கிட்னிக்கு முந்தைய கட்டம். ரத்தத்தில் அளந்தே ஆக வேண்டுமானால்? ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழுவினர் பெட் ஸ்கேனின் உத்தியையே இங்கேயும் கையாண்டார்கள். பாஸ்பேட் ஏறிய டாவ் 217ஐ, அதே இடத்தில் பாஸ்பேட் ஏறாத டாவால் வகுத்தார்கள். கிட்னி இரண்டையும் ஒரேபோலத் தேக்குவதால், விகிதத்தில் அதன் செல்வாக்கு பெருமளவு மறைந்துவிட்டது. எல்லாப் பரிசோதனைக்கூடமும் இந்த விகிதத்தைத் தருவதில்லை. பலவற்றில் பி-டாவ் தனி எண்ணாகத்தான் வருகிறது. அப்படி வரும் எண், எல்லைக்கோட்டை ஒட்டி மேலே நின்று, நோயாளியின் இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே இருந்தால், அதை மட்டும் வைத்து அல்சைமர் என்று யாரும் முடிவு சொல்லக் கூடாது. எண் இயல்பாக இருந்தால் கிட்னியால் வந்த குழப்பமோ என்ற சந்தேகம் வேண்டாம், கிட்னி இந்த எண்ணை ஏற்றிக்காட்டுமே தவிர இறக்கிக்காட்டாது.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஒல்லியான, தசை கரைந்த எண்பது வயதுப் பாட்டிக்குக் கிட்னி பாதி போயிருந்தாலும் கிரியேட்டினின் 0.9 என்று அழகாக நிற்கும். டிமென்ஷியா வந்தவர்கள் சரியாகச் சாப்பிடாமல் இன்னும் மெலிகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனை உண்மை நிலவரத்தை நெருங்கிச் சொல்லும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மெலிந்த உடலும் நீண்டகாலச் சர்க்கரையும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தால், இது ஓரத்து விஷயமில்லை.

எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது வீட்டார் பலர் பயப்படுவது கான்ட்ராஸ்ட் ஊசிக்கு. அந்தப் பயம் காரணமில்லாததல்ல. கடோலினியம் கலந்த ஊசி, கிட்னி மிகவும் கெட்டவர்களின் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கமாக்கும் ஒரு நோயோடு தொடர்புடையது என்று 2006இல் தெரியவந்தது. அதிக ஆபத்தான பழைய வகைகள் பிறகு ஒதுக்கப்பட்டன. ஆனால் மறதிக்காக எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐக்கு அந்த ஊசி பொதுவாகத் தேவையே இல்லை. ஹிப்போகாம்பஸ் சுருக்கமும் வெள்ளைத் திட்டுகளும் நுண்கசிவுகளும் ஊசி இல்லாமலே தெரியும்.

அந்த நுண்கசிவுகளுக்கு இப்போது புது முக்கியத்துவம் வந்திருக்கிறது. லெக்கனிமாப் (2023), டோனனிமாப் (2024) என்று அமிலாய்டை அகற்றும் மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின், மூளையில் வீக்கமும் கசிவும் வரும் பக்கவிளைவு பெரிய கவலையாகிவிட்டது. ஏற்கெனவே நான்குக்கு மேல் நுண்கசிவுப் புள்ளிகள் உள்ளவர்களுக்கு லெக்கனிமாப் கொடுக்க வேண்டாம் என்பது வல்லுநர் பரிந்துரை. கிட்னி நோயாளிகளுக்கு இந்தப் புள்ளிகள் கூடுதலாகவே இருக்கும். புள்ளிகள் மூளையின் ஓரமாக மடல்களில் இருந்தால் அமிலாய்டு குழாய்ச்சுவரில் படிந்ததன் சந்தேகம். ஆழத்தில் இருந்தால் ரத்த அழுத்தத்தின் வேலை. எங்கே இருந்தாலும், கிட்னி நோய் ஒருவரை இந்த மருந்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாம்.

இத்தனையிலும் நம்பிக்கை தரும் படம் கான்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே நோயாளிகளின் மூளையை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். இயல்புக்கு மாறாக இருந்த மூளை ரத்த ஓட்டம் இயல்பு நிலைக்குத் திரும்பியது. வெண்பொருளின் இழைக் கட்டமைப்பு மேம்பட்டது. சோதனைகளில் நினைவும் வேகமும் கூடின. அல்சைமரில் செத்துப்போன நரம்புகள் இப்படித் திரும்புவதில்லை. ஒருவரின் மந்தத்தில் கிட்னியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்திலும் ஓரளவு இப்படித்தான். அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 140க்குப் பதில் 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு வெள்ளைத் திட்டுகள் வளர்வது குறைந்தது. லேசான அறிவுத்திறன் குறைபாடு வருவது 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்தது போலத் தெரிந்தாலும் அது புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. சர்க்கரை நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது.

கடைசியாக மருந்துகள். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் காபாபென்டினும் தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பாக்லோஃபெனும் கிட்னி வழியாகவே வெளியேறுகின்றன. கிட்னி பலவீனமானவரிடம் வழக்கமான அளவே தேங்கி, ஆளைத் தூக்கத்திலும் குழப்பத்திலும் தள்ளும். பார்ப்பவருக்கு அது டிமென்ஷியா திடீரென்று முற்றியது போலத் தெரியும். அல்சைமருக்கே கொடுக்கும் மெமன்டினும் அப்படித்தான். கிட்னி மிகவும் கெட்டிருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை 10 மில்லிகிராம் என்பதை 5 மில்லிகிராமாகப் பாதியாக்க வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது எம்ஆர்ஐ ஃபிலிமோடு கடைசியாக எடுத்த கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேஜையில் வையுங்கள்.